ஹெரால்டு காரில் கியர் லிவரைச் சுற்றிக் கார்பெட்: ஒட்டலாமா, கழற்றும்படி போடலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை, வயது நாற்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். அவருடைய நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்:

"அப்பா விட்டுச்சென்ற வண்டி 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. அவர் போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் என்ஜின், பிரேக் வேலையெல்லாம் முடித்தோம், இப்போது நன்றாக ஓடுகிறது. கியர்பாக்ஸ் மேலிருந்த அட்டைக் கவர் நைந்துபோனதால் மெக்கானிக் ஃபைபர் கவர் போட்டுக் கொடுத்தார். தரையிலிருந்த ரப்பர் மேட் கிழிந்துவிட்டது, சுருட்டிப் பரணில் போட்டிருக்கிறோம். அதற்குப் பதில் கார்பெட் போடலாம் என்று ஒரு சீட் கவர் கடையில் 18,000 ரூபாய்க்குப் பேசி, 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கடைக்காரர் அம்பாசடருக்கு நிறையப் போட்டவர். முன்பக்கம் முழுவதற்கும் ஒரே துண்டாக விரித்து, கியர் லிவருக்கு வட்டமாக ஓட்டை போட்டார். ஓட்டை மூன்று விரற்கடை பின்னால் தள்ளி விழுந்துவிட்டது. இழுத்துப் பிடித்து ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார். ஒட்டாமல் மாட்டி மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியர் போட்டுக் கையை எடுத்தால் தானாக நியூட்ரலுக்கு வருகிறது. மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன், கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். சத்தமும் சூடும் குறைய அடியில் அரை அங்குல ஃபோம் போடச் சொல்லலாமா? கார்பெட் போட்டால் விண்டேஜ் பதிவு கிடைக்காது என்று தம்பி சொல்கிறான், உண்மையா? முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? ஐயா, ஒரு கார்பெட்டுக்கு இத்தனை பாடு படவேண்டுமா என்று அலுப்பாக இருக்கிறது. பரணில் இருக்கும் மேட்டை எடைக்குப் போட்டுவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்."

உங்கள் அலுப்பு புரிகிறது, சகோதரி. உங்கள் கேள்விகளில் அவசரமானது கார்பெட் பற்றியது இல்லை, மூன்றாவது கியர் பற்றியது. அதை முதலில் முடித்துவிடுவோம். கார்பெட்டை அடுத்த மாதம்கூடப் போட்டுக்கொள்ளலாம். நல்ல கியர்பாக்ஸை வீணாக இறக்கிப் பிரித்துவிட்டால் அது வேறு கதை.

கியர்பாக்ஸை இறக்கும் முன்

கார்பெட்டை முழுதாக எடுத்து வெளியில் போட்டுவிட்டு வண்டியை ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் போய், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதும் மறுபடி மிதிப்பதுமாக நாலைந்து முறை செய்து பாருங்கள். கியர் நழுவாமல் நின்றால் உங்கள் கியர்பாக்ஸ் மேல் குற்றமில்லை.

எனக்கு ஏன் கார்பெட் மேல் சந்தேகம் என்றால், நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஓட்டை பின்னால் தள்ளி விழுந்திருக்கிறது. லிவர் அதற்குள் நுழைய வேண்டுமானால் கார்பெட்டை முன்னால் இழுத்து மாட்டியிருக்க வேண்டும். இழுத்த கார்பெட் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்போது ஓட்டையின் முன்விளிம்பு லிவரின் அடியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் ஒன்றும் மூன்றும் முன்னால் தள்ளிப் போடும் கியர்கள், இரண்டும் நான்கும் பின்னால் இழுத்துப் போடுபவை. ஆக, முன்னால் போட வேண்டியவைதான் நழுவும். முதல் கியரில் ஓடுவது சில விநாடிகள், கையும் பெரும்பாலும் லிவர் மேலேயே இருக்கும், அதனால் தெரியாது. மூன்றில் கையை எடுத்துவிடுவீர்கள், அங்கே தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் இரண்டாவது, நான்காவது பற்றி ஒரு புகாரும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

கார்பெட் இல்லாமல் ஓட்டியும் நழுவினால் மெக்கானிக் சொன்னதற்கு இடமிருக்கிறது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பற்கள் தேய்ந்திருக்கலாம். அப்போதும் அவரிடம் வண்டியை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். போனில் கேட்டதை வைத்து அவர் சொன்னது ஒரு யூகம். கார்பெட் விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை, சொல்லியிருந்தால் அவருக்கே தோன்றியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அதுவரை அந்தக் கார்பெட்டோடு வண்டியை வெளியில் எடுக்காதீர்கள். கியர் நழுவுவது தொந்தரவு மட்டும்தான். ஒட்டாத கார்பெட்டின் முனை ஆக்ஸிலேட்டர் மிதிக்கு அடியிலோ மேலோ மடங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஹெரால்டு ஏன் வேறு மாதிரி

உங்கள் கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். அவர் கற்றுக்கொண்ட வண்டி அப்படி. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் தங்கள் காலத்தில் பெரும்பகுதியை ஸ்டீயரிங் பக்கத்தில் கை கியரோடுதான் ஓட்டின. முன்னால் பெஞ்ச் சீட், நடுவில் லிவர் கிடையாது. அம்பாசடருக்கு இசுசூ என்ஜினோடு தரைக் கியர் வந்ததே 1990-களில்தான். அந்த வண்டிகளில் கார்பெட் போடுவது ஹாலில் ஜமுக்காளம் விரிப்பதற்குக் கொஞ்சம்தான் மேலே. ஒரே துண்டாக விரித்து, ஓரம் வெட்டி, ஒட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஹெரால்டு பிறந்ததிலிருந்தே தரைக் கியர் வண்டி. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடல். 1961-இலிருந்து நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய உடல். பானெட்டை மட்கார்டுகளோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்த்துவிட்டால் என்ஜினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்த பெருமை. அவ்வளவாகத் தெரியாத இன்னொன்று: இந்த வண்டியில் கியர்பாக்ஸை வண்டிக்கு அடியிலிருந்து இறக்குவதில்லை, உள்ளேயிருந்து தூக்குகிறோம். முன் சீட்டுகளை எடுத்து, நடுவிலிருக்கும் அந்தக் கவரின் திருகுகளைக் கழற்றி, கவரைத் தூக்கினால் கியர்பாக்ஸ் கண்ணெதிரே இருக்கும். அவிழ்த்துக் கதவு வழியாக வெளியே கொண்டுவந்துவிடலாம். கியர்பாக்ஸ் மட்டுமில்லை, கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமா, கிளட்ச் மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவா, எல்லாவற்றுக்கும் வழி அந்தக் கவரைக் கழற்றுவதுதான்.

மற்ற பல கார்களில் முன் சீட்டுகளுக்கு நடுவே மேடாக நிற்கும் அந்த நடுமேடு தரைத் தகட்டோடு ஒன்றாக அடித்த இரும்பு. அதன் மேல் எதை ஒட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் வண்டியில் அது ஒரு மூடி. மூடிக்கு மேலும் சுற்றியுள்ள தரைக்கும் சேர்த்து ஒரே துணியை ஒட்டினால் மூடிக்குச் சீல் வைத்த மாதிரி. அடுத்த முறை கிளட்ச் வேலை வரும்போது மெக்கானிக் கட்டரை எடுத்துக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே போவார், வேறு வழி இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் ஹெரால்டுக்கு மரூன் கலர் கார்பெட்டை ரப்பர் பசை தடவி, ஒரு சுருக்கம் இல்லாமல் நானே ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் கையால் தடவிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அவருக்குக் கிளட்ச் மிதி தரையோடு போய்விட்டது. ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் கிட் என்பது சின்ன வேலை. அதற்காக என் கார்பெட்டை நானே உரித்தேன். கார்பெட்டின் பின்துணி ஃபைபரோடு ஒட்டிக்கொண்டு, மேலிருந்த நார் மட்டும் கையோடு வந்தது. புதுக் கார்பெட் என் செலவு. அன்றிலிருந்து ஹெரால்டின் நடுமேட்டில் பசை டப்பாவைத் திறந்ததே இல்லை.

எப்படிப் போட வேண்டும்

உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்த வண்டிக்கு முன்பக்கக் கார்பெட் மூன்று துண்டாக வர வேண்டும்: ஓட்டுநர் பக்கத் தரை, பக்கத்து சீட் தரை, நடுமேட்டுக்குத் தனியாக ஒன்று. தப்பாக விழுந்த ஓட்டை எங்கே இருக்கிறது? நடுமேட்டின் மேல். எப்படியும் வெட்டி எடுக்க வேண்டிய பகுதி அது. அதனால் இப்போது கையிலிருக்கும் பெரிய துண்டிலிருந்து இரண்டு பக்கத் தரைகளையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நடுமேட்டுக்கு மட்டும் புதிதாக ஒரு மீட்டர் அளவு வாங்கினால் போதும். அதே ரோலிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். அதே கலர் நம்பர் என்றாலும் வேறு ரோல் என்றால் சாயம் லேசாக மாறும். கடையின் டியூப்லைட்டில் தெரியாது, பழைய துண்டையும் புதியதையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது நார் சாயும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று முன்னோக்கியும் இன்னொன்று பின்னோக்கியும் சாய்ந்தால் ஒரே துணிகூட இரண்டு கலராகத் தெரியும்.

நடுத் துண்டை விரித்துப் போட்டால் மட்டும் உட்காராது. அந்தக் கவர் முன்பக்கம் அகன்று உயர்ந்து, பின்னால் போகப் போக ஒடுங்குகிறது. தட்டையான துணியை அதில் போர்த்தினால் எங்காவது மடிப்பு விழுந்தே தீரும். பிளவுஸ் தைப்பவர் டார்ட் பிடிக்கிறாரே, அதே கணக்கு இங்கேயும். துணியைத் தலைகீழாகக் கவர் மேல் போட்டு, மடிப்பு எங்கே எழும்புகிறதோ அங்கே கிள்ளிப் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் தைக்க வேண்டும். முன்பக்கத் தோளில் இடம் வலமாக இரண்டு டார்ட் வரும். உங்கள் கடைக்காரர் சீட் தைப்பவர் என்பதால் இது அவருக்குக் கைவந்த வேலைதான், இங்கே தேவைப்படும் என்று தோன்றவில்லை, அவ்வளவே. "இழுத்துப் பிடித்து ஒட்டினால் சரியாகிவிடும்" என்பது இந்த டார்ட்டுகளுக்குப் பதிலாகப் பசையை நம்புவது. நம் ஊர் மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகும், இழுத்துப் பிடித்த இடமெல்லாம் விட்டுக்கொடுக்கும்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பலரும் லிவரின் குமிழ் எவ்வளவு தூரம் போய்வருகிறது என்று பார்த்து ஓட்டையைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். குமிழ்தான் அவ்வளவு ஆடும். லிவர் அடியில் ஒரு புள்ளியை மையமாக வைத்து ஆடுவதால், கார்பெட் மட்டத்தில் அதன் அசைவு மிகக் கொஞ்சம். ஓட்டை எதற்கு இடம் விட வேண்டும் என்றால், லிவரின் அடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறைக்கு. அந்த உறை கவரோடு இறுகிப் பிடித்திருக்க வேண்டும், கார்பெட் அதன் மேல் ஏறக் கூடாது. கார்பெட்டின் விளிம்பு உறையைச் சுற்றிலும் அரை விரற்கடை விட்டு நிற்கட்டும். அந்த விளிம்பை மறைக்க மேலே ஒரு ரெக்ஸின் உறையோ வளையமோ வரும். வளையத்தின் வெளிவிளிம்பை விடக் கார்பெட் ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும். ஆக, ரப்பர் உறையை விடப் பெரிது, வளையத்தை விடச் சிறிது. வளையத்தை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டையை வெட்ட வேண்டும். கார்பெட் போட்ட பிறகு வளையம் தேடப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வெட்டும் முறை: டார்ட் தைத்து முடித்த நடுத் துண்டை வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போடுங்கள், துணி இளகி உட்காரும். லிவரின் குமிழைக் கழற்றி, லிவரை நியூட்ரலில் வையுங்கள். துண்டைக் கவர் மேல் போர்த்தி, முன் தோள்களைச் சரியாகப் பொருத்திவிட்டுக் கையால் நடுவில் தடவுங்கள். லிவரின் முனை துணிக்கு அடியில் முட்டும் இடம் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வெட்டக் கூடாது, இங்கேதான் உங்கள் கடைக்காரரும் சறுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். லிவர் சாய்ந்து நிற்கிறது. முனை முட்டும் இடமும் லிவரின் அடி இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. உயரமான லிவர் துணியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது அளந்தால் அளவு எங்கேயோ போய்விடும். அதற்குப் பதில், கெட்டியான பிரவுன் பேப்பரில் மாதிரி செய்யுங்கள். பேப்பரில் லிவருக்கு ஒரு நீளக் கீறல் போட்டு, அதன் வழியாக லிவரை விட்டு, பேப்பரைக் கவரோடு ஒட்டி உட்காரவைத்து, ரப்பர் உறையின் வட்டத்தைப் பென்சிலால் வரையுங்கள். கவரின் நான்கு ஓரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பேப்பரைக் கார்பெட்டின் பின்பக்கம் வைத்துக் குறியுங்கள். பின்பக்கம் வைக்கும்போது பேப்பரைத் திருப்பிப் போட மறந்தால் இடம் வலமாக மாறிவிடும், சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

குறித்த இடத்தில் வட்டமாக வெட்டாமல், நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சின்னக் கீறல் மட்டும் போடுங்கள். லிவரை விட்டுப் பாருங்கள். போதாவிட்டால் கால் அங்குலம் நீட்டுங்கள். நான்கு முக்கோண நாக்குகள் எழுந்து நிற்கும். நான்கு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலும் குனிந்து துணி எங்காவது உறையைத் தொடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றான பிறகு நாக்குகளை வட்டமாக நறுக்கி, விளிம்புக்கு ரெக்ஸின் பட்டை வைத்துத் தைத்துவிடலாம். தைக்காத விளிம்பு ஒரு வருடத்தில் பிசிறடித்துவிடும். ஹேண்ட் பிரேக் லிவருக்கும் இதே முறைதான்.

சீட் போல்ட்டுக்கும் திருகுகளுக்கும் கார்பெட்டின் மேலிருந்து டிரில் போட விடாதீர்கள். டிரில் முனை ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு ஸ்வெட்டர் பிரிகிற மாதிரி நீளமாக உருவிவிடும். நைலான் கார்பெட் என்றால் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் துளையிடலாம், நூல் உருகி விளிம்பு கட்டிக்கொள்ளும். கம்பளிக் கார்பெட் உருகாது, கருகும். அதற்குத் தோல் பஞ்ச் வேண்டும்.

பிடிமானத்துக்கு நடுத் துண்டின் ஓரங்களில் டிச் பட்டன் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துக்கு மூன்று போதும். பக்கத் தரைத் துண்டுகளின் விளிம்பு நடுத் துண்டின் ஓரத்தின் மேல் இரண்டு விரற்கடை ஏறி உட்காரட்டும். குமிழைக் கழற்றி, பட்டன்களை இழுத்தால் நடுத் துண்டு கையோடு வர வேண்டும். பத்து நிமிடத்தில் கவரின் திருகுகள் கண்ணில் பட வேண்டும். கடைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும்போது இந்த ஒரு நிபந்தனையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பக்கத் தரைகளில் முன்பக்கச் சரிவில் கொஞ்சம் பசை போடலாம், தப்பில்லை. ஓட்டுநர் பக்கத்தில் கார்பெட் நகரவே கூடாது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் கையால் கடைசி வரை அழுத்திப் பார்த்து, எதிலும் கார்பெட் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குதிகால் படும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை தைத்துவிடுங்கள், அதற்கு மேல் தனி மேட் எதுவும் வேண்டாம். பசை வேலை நடக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும்.

சத்தமும் சூடும்

கார்பெட்டும் ஃபோமும் போட்டால் சத்தமும் சூடும் நிற்கும் என்பது பாதிதான் சரி. ஹெரால்டில் காலடிக்குள் வரும் சூடும் புகை நாற்றமும் பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. கவருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகவும், கிழிந்த ரப்பர் உறை வழியாகவும் வருகிறது. உங்கள் ஃபைபர் கவர் புதியது. அசல் கவருக்கு இருந்த வளைவு அப்படியே இருக்குமென்று சொல்ல முடியாது. இரவில் காரை இருட்டில் நிறுத்தி, ஒருவர் அடியில் டார்ச் அடிக்க, நீங்கள் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் என்ஜின் காற்றும் வரும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் அந்த வழியாகவே வரும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கவரின் ஓரம் முழுக்க நெருக்கமான ஃபோம் ரப்பர் பட்டை ஒட்டி, எல்லாத் திருகுகளையும் போட்டு இறுக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். திருகுகள் எத்தனை குறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வேலை செய்து திரும்ப மாட்டியவர்கள் நாலைந்தை விட்டிருப்பார்கள்.

அரை அங்குல ஃபோம் வேண்டாம். நடுமேட்டில் அதைப் போட்டால் கார்பெட் உயர்ந்து ரப்பர் உறையை நெருக்கும், இப்போது பட்ட கியர் தொந்தரவு வேறு வழியில் திரும்ப வரும். மிதிகளுக்கு அடியிலும் இடம் குறையும். கவரின் உட்பக்கம், அதாவது கியர்பாக்ஸைப் பார்த்த பக்கம், வெள்ளித்தாள் முகம் கொண்ட மெல்லிய வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டலாம். தரையில் நீர் உறிஞ்சாத மெல்லிய ஃபோம், கால் அங்குலத்துக்குள். சணல் ஃபெல்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஒரு முறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்னும், மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதை ஒட்டியே இன்னொன்று: எதைப் போடுவதற்கு முன்னும் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். தரையில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து, கண்ணாடி ரப்பர், கதவு ஓரம் எல்லாம் இருபது நிமிடம் ஹோஸ் பைப்பால் அடியுங்கள். பேப்பர் நனைந்த இடத்திலிருந்து மேலே தேடினால் ஓட்டை கிடைக்கும். கிளட்ச் மிதிக்குப் பின்னால் விரலை விட்டுத் துடைத்தும் பாருங்கள். மிதி அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அங்கேதான் எண்ணெய்ப் பிசுக்காக வழியும். கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது பெயிண்டை உரிக்கும், புதுக் கார்பெட்டை விட்டுவைக்குமா?

பணம், பதிவு

தம்பி சொல்வது சரியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவில் பேணப்பட்ட வண்டி விண்டேஜ் வகையில் வரும். பெரிய மாற்றம் என்று அந்த விதி சொல்வது சேஸி, உடல் கூடு, என்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தை. கார்பெட் அதில் வராது. ஆனால் நாளைக்கு யாராவது வேறு கியர்பாக்ஸ் பொருத்துவதற்காகத் தரைத் தகட்டை வெட்டலாம் என்று ஆசை காட்டினால் அப்போது தம்பி சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: விண்டேஜ் பதிவு கட்டாயம் இல்லை. வாங்கினால் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஸ்ரீரங்கம் கோயிலுக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விட மனமில்லை என்றால் இப்போதிருக்கும் பதிவையே புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைச் சேவைக் குறைபாடு என்று பார்க்கும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில் இல்லாவிட்டால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, தப்பான ஓட்டையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, வாடிக்கையாளர்கள் போய்வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த 10,000 ரூபாய்க்காக இப்போது ஆணையத்துக்குப் போக மாட்டேன். உங்கள் நஷ்டம் ஒரு மீட்டர் கார்பெட்டும் இரண்டு மணி நேரத் தையலும். கடைக்குப் போய், "மூன்று துண்டாகப் போட்டுக் கொடுங்கள். நடுத் துண்டுக்கான துணி உங்கள் செலவு, டிச் பட்டனும் வளையமும் என் செலவு" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் முகம் சுருங்காது. ஒட்டித்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பணத்தைக் கேளுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார்பெட்டும் புதுப்பேட்டையில் பழைய வளையமும் தேடலாம். கடை கடையாக ஏறி இறங்கப் பொறுமை வேண்டும்.

அப்புறம், பரணில் இருக்கும் அந்த ரப்பர் மேட். எடைக்குப் போடாதீர்கள். இந்த வண்டியிலேயே கிடந்த மேட் அது. லிவர் ஓட்டை எங்கே வர வேண்டும் என்பது அதில் ஏற்கெனவே இருக்கிறது. கிழிந்திருந்தால் பரவாயில்லை. வெயிலில் போட்டு இளக்கி, தரையில் விரித்து, மேலே கல் வைத்து இரண்டு நாள் விடுங்கள். ரப்பர் இத்தனை வருடத்தில் சுருங்கியிருக்கும், அதனால் அளவை அப்படியே எடுக்காமல் பிரவுன் பேப்பரில் வரைந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரு விரற்கடைக்குள் ஒத்துப்போனால் கத்தரியை எடுக்கலாம். கடைக்காரரிடம் போகும்போது அதையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள்.